உறையக் கூடாத துளி

மரக்காணத்துக்கு யாரும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நான் போனது பூச்சி பிடிக்க. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கையிலிருந்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியைத் தட்டிப் பார்த்து, மருந்தா என்று கேட்டார். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த 'ஆமாம்' பயணம் முடியும்வரை என்னை விட்டுப் போகவில்லை.

பெட்டியில் இருந்தது மருந்து இல்லை, ஆன்டிபாடி. உயிரணுவுக்குள் மரபணுச் செய்தியைப் படித்துப் புரதம் கட்டுவதை உயிரியலில் மொழிபெயர்ப்பு என்பார்கள். அந்த வேலையை நடத்தவும் நிறுத்தவும் காரணமான புரதம் ஒன்று உண்டு. பட்டினியோ, வெப்பமோ, அளவுக்கு மீறிய உப்போ வந்து உயிரணு தவிக்கும்போது அந்தப் புரதத்தின்மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். உடனே புரத உற்பத்தி ஏறக்குறைய மொத்தமும் படுத்துவிடும். எங்கள் ஆன்டிபாடி அப்படிப் பாஸ்பேட் ஒட்டிய புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும். பிடித்த இடத்தில், சோதனைத் தாளின்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் கடல் தாண்டிப் போனேன்.

உப்பளத் தண்ணீரில் ஆர்டீமியா என்று பூச்சி மாதிரி ஒரு சின்ன இறால் இனம் வாழ்கிறது. நகத்தின் அகலம்கூட வராது. மற்ற உயிர்கள் எல்லாம் செத்துப்போகிற உப்பில் அது மட்டும் நீந்திக்கொண்டிருக்கும். உப்பு ஏற ஏற அதன் உடம்பு எந்தக் கட்டத்தில் புரத உற்பத்தியை நிறுத்துகிறது என்பது என் ஆராய்ச்சி. நான் வேலை செய்வது மலேசியாவில், பினாங்கில்; பிறந்தது மழை ஓயாத தைப்பிங்கில். தைப்பிங்கில் துணி காயவே இரண்டு நாள் ஆகும், உப்பு எங்கே காயும்? பூச்சியை உயிரோடு அங்கே கொண்டுவர அனுமதி கிடைக்கவில்லை. அதனால் ஆன்டிபாடியை எடுத்துக்கொண்டு நான் பூச்சியிடம் போனேன்.

என் ஆய்வுக்காலத்தை இரண்டு முறை நீட்டித்துவிட்டார்கள். மூன்றாவது முறை கேட்க வேண்டுமென்றால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். "கோடு தெரிகிற அந்த ஒரு படம் வந்துவிட்டால் நான் போராடிப் பார்க்கிறேன்" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவள் நான். திரும்பிப் போனால் தைப்பிங்கில் கடைக்கு மேல் மாடியில் ஒரு டியூஷன் வகுப்பு இருக்கிறது.

ஆன்டிபாடியும் அப்படித்தான், கடைசி. ஒரே ஒரு முயலின் இரத்தத்திலிருந்து எடுத்தது. வேறு முயல்களில் முயன்று பார்த்தோம், எதிலும் அந்தத் தரம் வரவில்லை. முதல் முயல் செத்து வெகுகாலம் ஆகிறது. மிஞ்சியது குழாயின் அடியில் ஒரு சொட்டு. பாதியை ஊரிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அத்தனை சின்னச் சொட்டைப் பிரித்தால் பாதி குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இன்னொரு சங்கடம், அது உறையக் கூடாது. எங்கள் ஆய்வகத்தில் ஒருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று கொஞ்சத்தை உறைய வைத்து, அது ஒன்றுக்கும் உதவாமல் போயிருக்கிறது. குளிரவும் வேண்டும், உறையவும் கூடாது.

வியாழக்கிழமை புதுச்சேரியில் இறங்கினேன். ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் எனக்கு மேசை கொடுத்திருந்த விரிவுரையாளர் கலைச்செல்வி என்னைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், நாளைக்கு குட் ஃப்ரைடே. இனி திங்கக்கெழமதான் காலேஜ் தொறக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பினாங்கில் பெரிய வெள்ளிக்கு விடுமுறை கிடையாது. பேராசிரியரும் நானும் உப்பின் பருவத்தைப் பார்த்தோமே தவிர நாள்காட்டியைப் பார்க்கவில்லை.

"அப்ப இந்தப் பெட்டியை மட்டும் உங்கள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போகிறேன்" என்றேன்.

"வெக்கலாம். ஆனா லீவு விட்டா வாட்ச்மேன் மெயின ஆஃப் பண்ணிட்டு பூட்டிட்டுப் போயிடுவாரு. போன வருசம் அப்படித்தான் என் என்சைம் எல்லாம் போச்சு. நீங்க கையோட எடுத்துட்டுப் போயிடுங்க, அங்க ஐஸ் கெடைக்கும்."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மரக்காணம் பேருந்தில் ஏறினேன். கோட்டக்குப்பத்தில் ஏறிய ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவருக்கு ஒரே உற்சாகம். "மலேசியாவா? எங்க வீட்டுக்காரரு சவுதில இருக்காருமா. ரெண்டு வருசம் ஆச்சு பாத்து. இன்ஷா அல்லா, வர்ற பெருநாளைக்கு வருவாரு." சவுதியும் மலேசியாவும் பக்கத்துப் பக்கத்துத் தெரு என்பதுபோல் எனக்குக் கணவர் பெயரையும் சொல்லி வைத்தார்.

அனுமந்தைக்கு முன்னால் பேருந்து ஒரு முனகலோடு நின்றுவிட்டது. "எறங்குங்க, எறங்குங்க, பெல்ட்டு அறுந்துட்டுது" என்று நடத்துநர் எல்லோரையும் வெயிலில் இறக்கிவிட்டார். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சாலையின் ஒரு பக்கம் சுனாமியில் வீடு போனவர்களுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீடுகள், எல்லாம் ஒரே அச்சு, பாதிக்குக் கூரை இல்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வெளிப்புறமே சுட்டது. அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் தன் துப்பட்டியின் தலைப்பை விரித்து அதன்மேல் நிழல் பிடித்தார். "மருந்து கெட்டுடும்மா" என்றார். அடுத்த பேருந்து வரும்வரை கையை இறக்கவில்லை.

மரக்காணத்தில் நான் தங்கியது சவரிமுத்து அண்ணன் வீட்டில். அவர் குத்தகைக்குச் சில பாத்திகள் எடுத்து உப்பு விளைவிக்கிறவர். அவர் மனைவி பிலோமினா அக்கா. ஊரில் தங்கும் விடுதி என்று நம்பிப் போக ஒன்றுமில்லை என்பதால் கலைச்செல்விதான் தன் மாணவி ஒருத்தி மூலமாகக் கேட்டு ஏற்பாடு செய்திருந்தார். நுழைந்ததும் பிலோமினா அக்கா பெட்டியை வாங்கப் போனார், நான் கொடுக்கவில்லை. "டாக்டரம்மா மருந்த யார்கிட்டயும் குடுக்க மாட்டாங்க போல" என்று சிரித்தார். நான் அந்த மாதிரி டாக்டர் இல்லை, எந்த மாதிரி டாக்டரும் இன்னும் இல்லை என்பதை அன்று சொல்லியிருக்கலாம். களைப்பாக இருந்தது.

அவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. சவரிமுத்து அண்ணன் சைக்கிளில் போய் ஐஸ் கட்டி வாங்கி, மரத்தூள் ஒட்டிய கோணியோடு கொண்டுவந்தார்.

"நாளைக்கு ஐஸ் கெடைக்காதுங்க. ஐஸ் போடுறவன் நம்ம கோயில் பங்கு ஆளுதான். பெரிய வெள்ளிக்கு கடைய தொறக்க மாட்டான். நாளான்னிக்கு வரைக்கும் இத வச்சிதான் ஓட்டணும்."

உடைத்து நிரப்பினோம். குழாயை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு நடுவில் வைத்தேன். "ஜில்லுனு இருந்தாப் போதும் அண்ணே, வெயில் படக்கூடாது" என்றேன். வெறும் ஐஸ் அதை உறைய வைக்காது. அதனால் உறையக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரவுச் சாப்பாடு சோறும் நெத்திலி வறுவலும். எங்கள் ஊரில் நெத்திலியை மிளகாய் அரைத்த சம்பலில் புரட்டி, தேங்காய்ப்பால் சோற்றோடு வாழையிலையில் மடித்துக் கொடுப்பார்கள். இங்கே மிளகாய்த்தூள் மட்டும் போட்டு எண்ணெயில் விட்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சுனாமி அன்றைக்குப் பினாங்கிலும் கடல் உள்ளே வந்தது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். பிலோமினா அக்கா பரிமாறுவதை நிறுத்திவிட்டார்.

"அதே நாளா?"

"அதே நாள்தான்."

"எங்க பாத்தியெல்லாம் சேறாப் போச்சும்மா. அந்த வருசம் உப்பே இல்ல. ஆளுக்கு ஒண்ணும் ஆகல, அதுவே போதும்னு இருந்தோம்" என்றார். பிறகு என் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி சோறு போட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கோயிலில் போயிற்று. திறந்தால் குளிர் போய்விடும் என்று பெட்டியைத் தொடவில்லை. சிலுவைப் பாதையில் வெறுங்காலோடு நடந்தார்கள், நானும் நடந்தேன். மதியம் உப்புக் கஞ்சி ஊற்றினார்கள். வரிசையில் நின்று வாங்கிக் குடித்தேன். எனக்கு நம்பிக்கை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஆனாலும் அன்று ஒரு வேண்டுதல் வைத்தேன். கோடு வர வேண்டும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடிந்ததும் பாத்திக்குக் கிளம்பும்முன் ஐஸ் எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகக் கிடந்தன. அவற்றின்மேல் கல் உப்பு கிடந்தது. டப்பாவின் மூடியைத் திறக்க விரல் எரிந்தது. குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கவிழ்த்தாலும் சொட்டு அசையவில்லை. வெள்ளையாக உறைந்திருந்தது.

"அண்ணே, இதுல உப்பு போட்டீங்களா?"

பல் விளக்கிக்கொண்டிருந்த சவரிமுத்து அண்ணன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமாங்க. நேத்து கோயிலுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி பாத்தேன், ஐஸு எளகுது. உங்க மருந்து போயிடுமேன்னு நாலு கை அள்ளிப் போட்டேன். வெறும் ஐஸுக்கு ஏது ஜில்லு? குச்சி ஐஸ் விக்கறவனெல்லாம் நம்மகிட்டதான் உப்பு வாங்கறான். எப்பிடி, ஜில்லுனு இருக்குதா?"

உப்பளத்துக்காரர் வீட்டில் அள்ளிப் போடப் பக்கத்தில் இருப்பது உப்புதான். ஐஸோடு உப்பு சேர்ந்தால் குளிர் உறைநிலைக்கும் கீழே இறங்கும். பள்ளிக்கூடத்தில் நானே பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன்.

"ரொம்ப ஜில்லுனு இருக்குது அண்ணே" என்றேன். வேறு என்ன சொல்வது? குழாயை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். ஒருவேளை பிழைத்திருக்கலாம். ஒருமுறை உறைந்து தப்பித்த ஆன்டிபாடிகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். சொட்டு இளகியபோது தெளிவாகத்தான் தெரிந்தது. செத்த ஆன்டிபாடியும் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும்.

பாத்திகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளையாகக் கிடந்தன. வரப்பில் நடந்தால் கண் கூசியது, காலில் வெடிப்பு இருந்தால் தீ பிடித்தது. எனக்கு இருந்தது. உப்பு வாரும் பாத்திக்கு முந்தைய பாத்தியில் தண்ணீர் சிவந்திருந்தது. குனிந்து பார்த்தேன். ஆயிரக்கணக்கில் மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தன. நான் மூன்று வருடமாகப் படித்த உயிரை அன்றுதான் அதன் சொந்த வீட்டில் பார்த்தேன். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். வலையால் அள்ளி, வரப்பிலேயே உட்கார்ந்து அரைத்து, குழாய்களில் அடைத்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

"இந்தப் பூச்சிக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்று சவரிமுத்து அண்ணன் தலைக்குமேல் நின்று கேட்டார். "இது இருந்தா உப்பு வெள்ளையா வரும்னு சொல்வாங்க. வேற ஒண்ணும் தெரியாது எங்களுக்கு. இதுல மருந்து பண்ணுவீங்களா?"

"இல்ல அண்ணே. இது எப்படி இவ்வளவு உப்பைத் தாங்குதுன்னு பாக்கறேன்."

அவர் ஒரு கை தண்ணீரை அள்ளிப் பார்த்தார். "தெரிஞ்சா எங்களுக்கும் சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். கோழிக் குழம்பு வைத்தார்கள். பண்டிகை நாளில் விருந்தாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாதே என்று கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தட்டில் பாதி மிஞ்சியது. பிலோமினா அக்கா வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து மோர் கொடுத்தார்.

திங்கட்கிழமை துணிப்பெட்டியை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போனேன். சென்னைக்குத் திரும்பும் வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம். கலைச்செல்வியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் 'ஐயோ' என்றார், உடனே கையுறையை மாட்டிக்கொண்டார். அதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஊரிலிருந்து நான் கொண்டுவந்திருந்த மாதிரி ஒன்றையும் பூச்சியோடு சேர்த்துச் சோதனையில் ஓட்டினோம். அதில் கோடு வந்தே தீரும், ஆன்டிபாடி உயிரோடு இருந்தால். மிச்சமிருந்த சொட்டு முழுவதையும் ஊற்றினேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் சோதனைத் தாளை நிறமேற்றும் கரைசலில் போட்டுவிட்டு இரண்டு பேரும் குனிந்து நின்றோம். கலைச்செல்வி ஒரு மூலையில் வேறொரு ஆன்டிபாடியைப் புள்ளியாக வைத்திருந்தார். அது உடனே பழுப்பானது. ஆக, கரைசலில் குறையில்லை. பூச்சியின் வரிசைகளில் ஒன்றுமில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த மாதிரியிலும் ஒன்றுமில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம் மேடம்" என்றார் கலைச்செல்வி. பார்த்தோம். தாள் முழுக்க மங்கலாக மஞ்சள் பூத்தது. கோடு வரவில்லை.

எஸ்.டி.டி. பூத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பேராசிரியரைக் கூப்பிட்டேன். ஆங்கிலத்தில் பேசினோம். அவர் சொன்னது தமிழில் இவ்வளவுதான்: "உறைந்துவிட்டதா? முழுவதுமா?" பிறகு, "சரி. வெயிலில் அலையாதே. பத்திரமாக வந்து சேர்." நீட்டிப்பு பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பூத்துக்கு வெளியே நின்று அழுதேன். ஒருத்தர் தண்ணீர் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார், யாரென்று தெரியாது.

புதன்கிழமை மரக்காணத்தில் இறங்கினேன். பிலோமினா அக்கா என் துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். வழிக்கு எலுமிச்சைச் சோறு கட்டித் தந்தார். இரண்டு பேருமாக என்னைச் சாலைவரை கொண்டுவந்து விட்டார்கள். சவரிமுத்து அண்ணன் துணிப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார், கையில் தூக்கச் சொன்னாலும் கேட்கவில்லை. புளியமரத்தடியில் பேருந்துக்காக நின்றோம். வழக்கமான பேச்சு, ஊரில் யார் யார் இருக்கிறார்கள், அம்மா தனியாக இருப்பாங்களா என்று. நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

"அந்தப் பூச்சித் தண்ணிய உப்புப் பாத்திக்கு விடல" என்றார் சவரிமுத்து அண்ணன். "மடைய அடைச்சே வெச்சிருக்கேன். நீங்க மறுபடி வருவீங்கல்ல, பூச்சி வேணுமில்ல? ஒரு பாத்தி சும்மா கெடந்தா ஒண்ணும் ஆயிடாது."

ஒரு பாத்தி சும்மா கிடந்தால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்பது நாலு நாள் சாப்பிட்ட எனக்குத் தெரியும்.

"தொறந்து விட்டுருங்க அண்ணே" என்றேன். "நான் இனி வரமாட்டேன். நான் கொண்டுவந்தது கெட்டுப்போச்சு. அது இல்லாம என் வேலை முடிஞ்சிருச்சு. எல்லாமே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிலோமினா அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பிடிங்க கெட்டுது?" என்று கேட்டார் சவரிமுத்து அண்ணன்.

அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வெயில்தான் அண்ணே" என்றேன். "வர்ற வழியிலேயே பஸ்ஸு நின்னுபோச்சில்ல. அப்பவே சூடாக ஆரம்பிச்சிருச்சு."

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"நீதான்யா கஞ்சத்தனம் பண்ண" என்று பிலோமினா அக்கா அவர்மேல் பாய்ந்தார். "வீடு முழுக்க உப்ப வெச்சிக்கினு நாலே நாலு கை போட்டியே. அந்தப் பொண்ணு முகத்தப் பாரு."

"அவர் மேல தப்பில்ல அக்கா" என்றேன். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை.

பேருந்து வந்துவிட்டது. பெட்டியைச் சவரிமுத்து அண்ணனே ஏற்றி இருக்கைக்குக் கீழே தள்ளினார். இறங்கி, சன்னலுக்கு வெளியே வந்து நின்றார். நடத்துநர் விசில் கொடுத்த பிறகும் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்பவே நெனச்சேங்க" என்றார். "இன்னும் ரெண்டு கை சேத்துப் போட்டிருக்கணும். மன்னிச்சிக்கங்க."